கர்னல் பெயரில் ஒரு பள்ளி

அக்டோபர் 6, திங்கள்

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக் கவுண்டருக்கு என் மகள் தென்றலின் பள்ளித் தலைமையாசிரியர் வந்தார். ரத்த அழுத்த மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "பெற்றோர் சார்பா ஒரு குழுவுல நீங்க உட்காரணும். இந்த ஊர்ல எல்லாருக்கும் உங்க மேல நம்பிக்கை இருக்கு. நீங்க எந்தப் பக்கமும் இல்லை" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன குழு என்று கேட்பதற்கு முன்பே சரி என்றுவிட்டேன்.

விஷயம் இதுதான். இந்தப் பள்ளிக்கு 1959-இல் கர்னல் ஆம்ப்ரோஸ் டன்வுடி என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் படைக்காகச் சண்டை போட்டவர். அடிமைகள் வைத்திருந்த பண்ணைக்காரர். 2020-இல் ஊரே கொந்தளித்து அவர் பெயரை எடுத்துவிட்டு மேப்பிள் ரிட்ஜ் என்று வைத்தார்கள். இப்போது காற்று திரும்பியிருக்கிறது. ராணுவ முகாம்களுக்கே பழைய பெயர்கள் திரும்பி வந்துவிட்டன. அதே பெயருள்ள வேறு ஆளைத் தேடிப் பிடித்து வைத்தார்களாம், அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மெச்சத்தான் வேண்டும். எங்கள் ஊரிலும் கர்னலைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று ஐந்து பேர் கூடிப் பேசி, டிசம்பர் 11 அன்று வாக்களிக்க வேண்டும்.

வீட்டில் சொன்னதும் இவர் தோசையைப் பாதியில் விட்டார். "நீ கறுப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல. அதான் கூப்பிட்டிருக்காங்க. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிதான், குமுதா."

"பதினெட்டு வருஷமா இங்க இருக்கோம். ஒரு பேச்சுக்குக்கூட வாயைத் திறக்கக் கூடாதா?"

"திறக்கலாம். மருந்து சாப்பிடத் திறக்கலாம்" என்றார்.

அக்டோபர் 9, வியாழன்

முதல் கூட்டம். பள்ளி நூலகம். பழைய பெயர் வேண்டும் என்பவர்கள் இருவர், கார்லும் ஒரு வக்கீலும். வேண்டாம் என்பவர்கள் இருவர், மிஸ் ஒடெஸாவும் ஒரு பாதிரியாரும். நடுவில் நான்.

கார்ல் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். எழுபத்தாறு வயது. நாலு வருஷம் முன்பு பனி கொட்டிய ஒரு மதியம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தபோது, ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்று தெரிந்து, தன் வண்டியில் தூக்கிப் போட்டு நாற்பது மைல் ஓட்டினவர். இவர் இன்று தோசையைப் பாதியில் விடுவதற்கு உயிரோடு இருக்கிறார் என்றால் அது கார்லால்தான். மிஸ் ஒடெஸா எழுபது வயது வரை பள்ளிப் பேருந்து ஓட்டியவர். தென்றலைத் தினமும் ஏற்றிக்கொண்டு போனவர். இந்தப் பக்கத்தில் வயதில் மூத்தவர்களைப் பெயருக்கு முன் மிஸ் போட்டுத்தான் கூப்பிட வேண்டும். நம் அக்கா மாதிரி.

கார்ல் ஆரம்பித்தார். "அந்தப் போர் அடிமைங்களுக்காக நடந்த போர்னு சொல்றாங்க. இல்லை. மாநில உரிமைக்காக நடந்துச்சு. எங்க ஊர்ல என்ன செய்யணும்னு வாஷிங்டன் சொல்லக் கூடாதுன்னு சண்டை போட்டாங்க."

மாநில உரிமை என்று காதில் விழுந்ததுதான் தாமதம், என் தலை தானாக ஆடியது. சின்ன வயதிலிருந்து அந்தச் சொல்லுக்குக் கைதட்டியே வளர்ந்தவள் நான். "நானும் மாநில உரிமைக்காரிதான். எங்க ஊர்ல அதுக்காகத்தான் தேர்தலே நடக்கும். தலைநகரம் சொல்றதுக்கெல்லாம் தலையாட்ட முடியாது" என்று மேடையில் பேசுவதுபோல் பேசிவிட்டேன்.

வக்கீல் அதை எழுதிக்கொண்டார். கார்ல் மேஜையை இரண்டு முறை தட்டினார். பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

ஒடெஸா மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டார். "மாநிலத்துக்கு உரிமை. சரி. என்ன செய்யிற உரிமை, ஹனி?"

"எங்க மொழி, எங்க படிப்பு, எங்க வரி..."

"நல்லது. இங்க அது எங்களை விக்கிற உரிமை. அது போனதும், எங்க பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்துற உரிமை."

அங்கே நல்ல சொல்லாக இருப்பது இங்கே எப்படி இப்படி ஆகும்? கார் ஓட்டிக்கொண்டு வரும்போது வீட்டுத் திருப்பத்தைத் தவறவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

நான் கார்ல் கட்சி என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சளி மருந்து வாங்க வந்த ஒருவர் கையைக் குலுக்கினார். நீரிழிவு மாத்திரைக்கு வந்த ஒரு அம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் பையை வாங்கிக்கொண்டு போனாள்.

ஒழுங்காகப் படித்துவிடலாம் என்று தென்றலின் வரலாற்றுப் புத்தகத்தை எடுத்தேன். தலை சுற்றுகிறது. அடிமைகளை விடுவித்தது ஒரு கட்சி. அந்தக் கட்சியைத் தெற்கில் நூறு வருஷம் ஒருத்தரும் சீண்டவில்லை. இப்போது தெற்கே அந்தக் கட்சிதான். எதிர்க் கட்சிதான் அன்றைக்குக் கர்னலின் கட்சி. இன்று ஒடெஸா வாக்களிப்பது அதற்கு.

"எப்போ மாறுச்சு?" என்று இவரைக் கேட்டேன்.

"நம்ம ஊர்ல யார் எந்தக் கூட்டணின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் இவங்களை மட்டும் ஏன் கேக்குற" என்று டிவியைப் போட்டார். வாஷிங்டனில் அரசாங்கத்தையே இரண்டு வாரமாக மூடி வைத்திருக்கிறார்கள். இரண்டு கட்சியும் மற்றதைக் கை காட்டுகிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் எண்ணெயில் உடைந்துவிட்டது. கடைக்கு லீவு போட்டது அதற்குத்தான்.

தம்பி தணிகாசலம் ஊரிலிருந்து பேசினான். வெண்ணாம்பட்டுப் பள்ளிக்கு ஜனவரியில் எழுபத்தைந்தாம் ஆண்டு விழா. தாத்தா இடம் கொடுத்துக் கட்டிய பள்ளி, அவர் பெயரில்தான் இருக்கிறது. வாசலில் தாத்தாவுக்கு மார்பளவுச் சிலை வைக்கப் போகிறார்களாம். கலெக்டர் திறக்கிறார்.

"விழா மலருக்கு நீ ஒரு வாழ்த்து எழுதிக் குடுக்கணும்க்கா. அமெரிக்காவுல இருந்து வருதுன்னா அதுக்குத் தனி மரியாதை. உன் போட்டோவைக் கலெக்டருக்கு அடுத்த பக்கம் போடுறேன்."

நம் ஊரில் கோயில் டியூப்லைட்டில்கூட உபயம் இன்னார் என்று எழுதி வெளிச்சத்தைப் பாதியாக்குகிறவர்கள் நாம். சிலையை விடுவோமா? ஆனால் தாத்தாவுக்குத் தகும். அந்தப் பள்ளி இல்லையென்றால் நான் மருந்தியல் படித்திருக்க மாட்டேன். எழுதித் தருகிறேன் என்றேன்.

அக்டோபர் 23, வியாழன்

இரண்டாவது கூட்டம். இன்று ஒடெஸா பேசினார்.

"கர்னல் செத்து எழுபது வருஷம் கழிச்சு, 59-ல ஏன் திடீர்னு அவர் ஞாபகம் வந்துச்சு? எல்லாப் பிள்ளைங்களும் ஒண்ணாப் படிக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லி அஞ்சு வருஷம் ஆகியிருந்துச்சு. நாங்க அந்த வாசலுக்கு வரப்போறோம்னு தெரிஞ்சு, வாசல்ல அவர் பேரை எழுதினாங்க. இதே வர்ஜீனியாவுல ஒரு மாவட்டத்துல, எங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு பள்ளிகளையே அஞ்சு வருஷம் மூடிட்டாங்க. அங்க சித்தி வீட்டுல இருந்த என் அக்காவுக்கு அப்போ ஒன்பது வயசு. திரும்பத் திறந்தப்போ பதினாலு. சாகுற வரைக்கும் மருந்துச் சீட்டை என்கிட்டதான் குடுத்து வாசிக்கச் சொல்லுவா."

கார்ல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தை நிரப்ப வேண்டியது என் வேலை என்று எனக்கு ஏன் தோன்றியதோ தெரியவில்லை. எங்கள் ஊரில் இதை அழகாகத் தீர்த்துவிட்டோம் என்று ஆரம்பித்தேன். தெருப்பெயரில் இருந்த சாதிப் பெயர்களை எடுத்தோம். மாவட்டங்களுக்கும் பஸ்களுக்கும் வைத்த தலைவர்கள் பெயரால் சண்டை வந்ததும் மொத்தப் பெயரையும் எடுத்துவிட்டு ஊர்ப் பெயரையே வைத்தோம். எல்லாம் சொன்னேன். நிறுத்தியிருக்கலாம். "எங்க தாத்தாவும் ஒரு பள்ளிக்கு நிலம் குடுத்தவர். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிச்சாங்க. அவர் பேரை யாரும் எடுக்கச் சொன்னதில்லை" என்றேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பத்திரிகைப் பெண் என்னைப் படம் எடுத்தாள்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒடெஸா எனக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார். அண்ணாந்து குடித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் வாய் வெச்சிருப்பேன்னு நினைச்சியா?"

"ஐயோ இல்லை, மிஸ் ஒடெஸா. மூடியே இப்பத்தான் திறந்தேன். எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் குடிப்போம். சுத்தம்."

"சரி, ஹனி" என்றார். காரில் ஏறும் முன் சாதாரணமாகக் கேட்டார். "உன் தாத்தா குடுத்த நிலம், அதுக்கு முன்னாடி யாரோட நிலம்?"

தாத்தாவுடையதுதான் என்றேன். அதற்கு முன்னாடி என்று அவர் கேட்டது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

வாழ்த்துச் செய்தி எழுத உட்கார்ந்தேன். "எங்கள் தாத்தா ஏற்றிய கல்வி விளக்கு" வரை வந்தேன். அதற்கு மேல் ஓடவில்லை.

ஒடெஸா சின்ன வயதில் கடைவீதியில் இரண்டு தண்ணீர்க் குழாய் இருந்ததாம், ஒன்று வெள்ளையர்களுக்கு, ஒன்று இவர்களுக்கு. எங்கள் பள்ளியில் அப்படி இல்லை. ஒரே பானைதான். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் செல்லக்கிளி, காலனியிலிருந்து வருகிறவள். கணக்கில் என்னைவிடக் கெட்டி. வகுப்பு லீடர் என்பதால் அவளுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். அவள் கையைக் குவிப்பாள், நான் சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவேன். சட்டையெல்லாம் நனைந்து இரண்டு பேரும் சிரிப்போம். அவளுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்.

அவளே ஏன் மொண்டு குடிக்கவில்லை என்று இப்போது எழுதும்போதுதான் யோசிக்கிறேன். லீடர் என்பதால் நான் ஊற்றினேன் என்று எழுதியிருக்கிறேன். மற்றவர்களுக்கு நான் ஊற்றியதாக ஞாபகம் இல்லை.

தோய்த்த துணியை மடிக்க வேண்டும்.

நவம்பர் 2, ஞாயிறு

பத்திரிகையில் என் படம். பள்ளி நிறுவனரின் பேத்தி என்று கீழே போட்டிருக்கிறார்கள். தென்றல் வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள்.

தம்பிக்குப் போன் போட்டேன். "டேய், பள்ளிக்கூட நிலம் தாத்தாவுக்கு யார்கிட்ட இருந்து வந்துச்சு?"

"ஏன்க்கா? உனக்கும் நோட்டீஸ் வந்திருக்கா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன நோட்டீஸ் என்றேன். அவன் கொஞ்ச நேரம் இருமினான்.

"காலனிக்காரங்க மனு குடுத்திருக்காங்க. வெள்ளைக்காரன் அவங்களுக்குக் குடுத்த பஞ்சமி நிலமாம் அது. பள்ளிக்கூடம், பின்னாடி நம்ம கொல்லை, ரைஸ்மில், எல்லாம் அதுல வருதாம். தாத்தா வாங்கினதுக்குப் பத்திரம் இருக்கு."

"பஞ்சமி நிலத்தை நாம வாங்க முடியாதே."

"அதெல்லாம் இப்போ பேசுற சட்டம். அப்போ யாரு பார்த்தா? அவங்க நெல்லு கடனா வாங்கியிருப்பாங்க, கைநாட்டு வெச்சிருப்பாங்க. திருப்பிக் குடுக்க முடிஞ்சிருக்காது. காலம் அப்படி. ஆனாலும் தாத்தா அதுல பள்ளிக்கூடம்தானே கட்டினாரு?"

"அதுக்குத்தான் அவசரமாச் சிலையா?"

"கலெக்டரே வந்து திறந்துட்டா, அப்புறம் அவரே எப்படி விசாரிப்பாருன்னு வக்கீல் சொன்னாரு. உன் வாழ்த்து எப்போ வரும்?"

மனுவில் முதல் கையெழுத்து யாருடையது என்று கேட்டேன். "உன் கூடப் படிச்சுச்சே, செல்லக்கிளி. டீச்சரா இருக்கு. அதுதான் எல்லாரையும் கிளப்பி விடுது."

டீச்சரா? எனக்குத் தெரியாது.

நவம்பர் 4, செவ்வாய்

மாநிலத் தேர்தல். வாக்குச்சாவடியில் முன்னால் கார்ல், பின்னால் நான். "உன்னை நம்பித்தான் இருக்கேன், கூமு" என்றார். குமுதவல்லியை அவர் வாய் அந்த அளவுக்குத்தான் தாங்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். தம்பிக்கு ஒரு மெயில் அனுப்பினேன். வேறொன்றும் இல்லை.

நவம்பர் 20, வியாழன்

மூன்றாவது கூட்டம். நான் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் அதை ஆழ்ந்த யோசனை என்று எடுத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 27, வியாழன்

நன்றி நாள் விருந்து கார்ல் வீட்டில். இவருக்கு வான்கோழி இறங்காது. கொண்டுபோன புளியோதரையைத் தானே முக்கால்வாசி தின்றுவிட்டார்.

சாப்பிட்ட பிறகு கார்ல் ஒரு பழைய படத்தைக் கொண்டுவந்து காட்டினார். தாடி வைத்த மனிதர், மர நாற்காலி.

"வெளியே சொன்னதில்லை. கர்னல் எங்க அம்மா வழியில கொள்ளுத் தாத்தாவுக்கு அண்ணன். அவர் செஞ்சது சரின்னு நான் சொல்ல மாட்டேன். காலம் அப்படி. எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்க. ஆனா பள்ளிக்கூடம் நிக்குதே அந்த நிலம், அது அவர் குடுத்தது. அந்த ஒரு நல்லதுக்காவது பேர் இருக்கக் கூடாதா, கூமு?"

காலம் அப்படி. பள்ளிக்கூடம்தானே. வரிசைகூட மாறவில்லை. தணிகாசலம் பேசுவதுபோலவே இருந்தது. தணிகாசலம் என்று ஏன் எழுதுகிறேன், நான் பேசுவதுபோலவே இருந்தது.

"அந்த நிலத்துல யார் உழுதாங்க, கார்ல்?" என்று கேட்டேன். எனக்கே கேட்டதா என்று தெரியாத குரல்.

அவர் படத்தைத் துணியில் சுற்றினார். "நீயுமா?" என்றார்.

இவர் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். திரும்பி நடந்து வரும்போது, "அந்த மனுஷன் இல்லன்னா நான் இல்ல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் சொல்வது நியாயம். ஒடெஸா சொல்வதும் நியாயம். இரண்டு நியாயத்தையும் வைத்துக்கொண்டு ஒரு கையைத்தான் தூக்க முடியும்.

டிசம்பர் 11, வியாழன்

இரண்டுக்கு இரண்டு. என் முறை வந்தது. பழைய பெயர் வேண்டாம் என்று கையைத் தூக்கினேன். கார்லைப் பார்க்கவில்லை. அவர் நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

வாசலில் பாதிரியார் என்னைத் துணிச்சல்காரி என்றார். ஒடெஸா கட்டிப்பிடித்தார். அவர் தோளில் என் முகம் இருந்தபோது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

டிசம்பர் 13, சனி

கார்ல் தன் மருந்துச் சீட்டுகளை அடுத்த ஊர்க் கடைக்கு மாற்றிவிட்டார். கணினியில் அவர் பெயருக்கு எதிரே அந்த வரி வந்தது. ஆனால் காலையில் எங்கள் வாசல் பனியை யாரோ தள்ளி வைத்திருந்தார்கள். மண்வெட்டித் தடம் அவர் வீட்டிலிருந்து வந்து அவர் வீட்டுக்கே போயிருந்தது. என்ன மனிதர் இந்தக் கார்ல்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

டிசம்பர் 20, சனி

காலையில் தம்பி வாட்ஸப்பில் விழா மலரின் ஒரு பக்கத்தை அனுப்பியிருந்தான். பட்டுப்புடவையில் என் படம். கீழே என் வாழ்த்து.

நவம்பர் 9 அன்று இந்த நோட்டில் துணி துவைத்தேன் என்று எழுதியிருக்கிறேன். அன்று தம்பிக்கு அனுப்பிய மெயில் இதுதான். பஞ்சமி நிலம் என்று அவன் சொல்லி ஒரு வாரம் கழித்து, எல்லாம் தெரிந்துதான் அனுப்பினேன். தம்பி கெஞ்சினான் என்று எழுத நினைத்தேன். அவன் கெஞ்சவில்லை. எனக்கும் அந்தச் சிலை வேண்டியிருந்தது. முழுப் பூசணிக்காயை என் நாட்குறிப்பிலேயே மறைத்திருக்கிறேன்.

உடனே போன் போட்டு அதை எடுத்துவிடச் சொன்னேன்.

"அச்சாயிடுச்சுக்கா. வக்கீல் நம்ம பதிலோட அதையும் சேர்த்துக் கலெக்டர் ஆபீஸ்ல குடுத்துட்டாரு. ஏன், அங்க ஒரு பேரை எடுத்தது போதாதுன்னு இங்க வந்து ஒண்ணு எடுக்கப் போறியா?"

மதியம் ஒடெஸா சர்க்கரைவள்ளிக் கிழங்கில் 'பை' என்று ஒரு இனிப்பு சுட்டு எடுத்துக்கொண்டு வந்தார். மேஜையில் கிடந்த போனைப் பார்த்துவிட்டார். "இது நீதானே. உன் தாத்தா பள்ளிக்கூடமா? வாசி, கேக்குறேன்."

தமிழில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி என்று வாசித்தேன். கல்வி விளக்கு வந்தது. தலை ஆட்டினார். "தன் சொந்த நிலத்தை மனமுவந்து அளித்த வள்ளல்" வந்தது. தமிழில் வாசித்துவிட்டேன். இங்கிலீஷ் வாயில் வரவில்லை.

"என்ன ஆச்சு?"

"நீங்க அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்க, மிஸ் ஒடெஸா. அதுக்கு முன்னாடி யாரோட நிலம்னு." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நிலம், கைநாட்டு, பானை, சொம்பு, செல்லக்கிளி, மெயில். நிறுத்தாமல் சொன்னேன். அவர் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. திட்டவும் இல்லை. அந்த இனிப்பை வெட்டி வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று சொன்னார்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது, ஹனி? நான் அந்தப் பொண்ணு இல்லை."

அவர் போன பிறகு உட்கார்ந்து எழுதினேன். மலரில் நான் எழுதியது பொய். அந்த நிலம் உங்களுடையது என்று தெரிந்தே எழுதினேன். இந்தக் கடிதத்தை மனுவோடு சேர்த்துக்கொள், செல்லக்கிளி. கையெழுத்துப் போட்டேன். இவர் வாசித்துப் பார்த்தார். உறையைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

உறையில் பெயர் எழுதிவிட்டேன். பள்ளி முடியும் வரை ஐந்து வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் வீடு எந்தத் தெருவில் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவைகூடப் போனதில்லை. காலனி, வெண்ணாம்பட்டு என்று மட்டும் எழுதினால் போய்ச் சேருமா?